தேனீ கொட்டினால்: புதிதாகப் பெட்டி வைப்பவர்களுக்கு

தேனீப் பெட்டிக்குள்ளிருந்து அடை கட்டிய ஒரு மரச் சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அடையின் இரண்டு பக்கமும் தேனீக்கள் அப்பிக் கிடக்கின்றன. அப்போது கட்டைவிரல் ஓரத்தில் சுரீர் என்கிறது. கை தானாக உதறப் பார்க்கும். உதறினால் சட்டம் பெட்டி மேலேயே விழும், அடை உடையும், பத்திருபது தேனீக்கள் நசுங்கும், ஒரு கொட்டோடு முடிந்திருக்க வேண்டியது பதினைந்து இருபதில் போய் நிற்கும். முதல் வருடம் எனக்கு நடந்தது இதுதான். தேனீயாகக் கொட்டியது ஒன்று. மீதியெல்லாம் நானாக வரவழைத்துக்கொண்டது.

"பழகிவிட்டால் வலிக்காதாமே?" என்று பலர் கேட்பார்கள். வலிக்கும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த முதல் சுரீர் அப்படியேதான் இருக்கும். மாறுவது வேறு இரண்டு விஷயங்கள்: கொட்டிய அடுத்த நொடியில் உங்கள் கை என்ன செய்கிறது என்பது ஒன்று, அடுத்த நாள் எவ்வளவு வீங்குகிறது என்பது இன்னொன்று. முதலாவதை நீங்களே பழக்கிக்கொள்ளலாம். இரண்டாவது உடம்பின் இஷ்டம். அது மெல்ல மெல்லப் பழகவும் செய்யும், ஒருநாள் திடீரென்று முரண்டு பிடிக்கவும் செய்யும். அதனால் கொட்டு வாங்குவதை வீரமாக நினைக்கிறவர்களிடம் பாடம் கேட்காதீர்கள்.

கொட்டும்போது நடப்பது

கொட்டுவது பணித் தேனீ. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. அதைப் பிடித்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாலும் வெறுமனே ரீங்காரம்தான் கேட்கும். ராணிக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் அதைப் போட்டி ராணிகளுக்காக வைத்திருக்கிறது. ராணியைக் கையில் எடுத்துக் கொட்டு வாங்கியவர்கள் அபூர்வம்.

பணித் தேனீயின் கொடுக்கில் பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கின்றன. நம் தோலில் இறங்கினால் அவை மாட்டிக்கொள்ளும். தேனீ விடுபட்டுப் பறக்கும்போது கொடுக்கு, நஞ்சுப்பை, அதை இயக்கும் தசை, நரம்பு முடிச்சு எல்லாம் பிய்ந்து தோலிலேயே தங்கிவிடும். தேனீ செத்துப்போகும். ஆனால் அது விட்டுப்போன பம்பு நிற்காது. ஒரே ஒருமுறை, மணிக்கட்டில் கொட்டியபோது, வேண்டுமென்றே சில நொடி உற்றுப் பார்த்தேன். கடுகளவு வெள்ளைப் பை ஒன்று, தேனீயே பக்கத்தில் இல்லாமல், தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொடுக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. அன்று மாலை மணிக்கட்டு இருந்த இருப்பைப் பார்த்ததும் அந்த ஆராய்ச்சியை நிறுத்திக்கொண்டேன்.

பையில் உள்ள நஞ்சில் 90 சதவீதம் முதல் 20 நொடிக்குள் இறங்கிவிடும். ஒரு நிமிடத்தில் பை காலி. அளவு என்று பார்த்தால் ஒரு கொட்டுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதன் உலர் எடையில் ஏறக்குறைய பாதி மெலிட்டின் என்ற புரதத் துணுக்கு. செல் சவ்வுகளைக் கிழிப்பதும் எரிச்சலை மூட்டுவதும் அதன் வேலை. பாஸ்போலிபேஸ் என்ற இன்னொரு பொருளும் உண்டு. ஒவ்வாமை வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான் எதிரி.

வாசனையையும் சொல்ல வேண்டும். கொடுக்கு வெளியே வந்ததும் ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருள் காற்றில் பரவும். நம் மூக்குக்கு அது பழுத்த வாழைப்பழ வாசனை. தேனீக்களுக்கோ "இங்கே ஓர் எதிரி, இந்த இடத்தில் கொட்டு" என்கிற அறிவிப்பு. ஒரே இடத்தில் இரண்டாவது, மூன்றாவது கொட்டு விழுவது இதனால்தான். பெட்டி திறந்திருக்கும்போது எங்கிருந்தோ வாழைப்பழம் மணந்தால், பார்த்துக்கொண்டிருந்தது போதும், மூடத் தொடங்குங்கள்.

முதல் பெட்டி வாங்குவதற்கு முன்

உங்களுக்கு இதற்கு முன் தேனீயோ குளவியோ கொட்டியிருக்கிறதா, அப்போது என்ன ஆனது என்று யோசித்துப் பாருங்கள். கொட்டிய இடம் மட்டும் வீங்கியதா, இல்லை உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு இறுகியதா, மயக்கம் வந்ததா? பின்னே சொன்னவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் பெட்டி வாங்கும் முன் ஒவ்வாமை மருத்துவரைப் பாருங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக பீட்டா பிளாக்கர் வகை எடுப்பவர்கள், அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். பீட்டா பிளாக்கர் அதன் வேலையை மந்தமாக்கிவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

முதல்முறை கொட்டியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது. ஒவ்வாமை பெரும்பாலும் முதல் கொட்டில் வருவதில்லை. உடம்பு அந்த நஞ்சை ஒருமுறை அடையாளம் கண்டு வைத்துக்கொண்ட பிறகு, அடுத்தடுத்த கொட்டுகளில்தான் தலைகாட்டும்.

தொடக்கத்தில் தனியாகப் பெட்டி திறக்க வேண்டாம். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். கைபேசி சட்டைப்பையில், கையுறையைக் கழற்றினால் எட்டும்படி இருக்கட்டும். விரலில் மோதிரம் இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். வீங்கிய விரலில் இருந்து மோதிரத்தை எடுப்பது கொட்டை விடப் பெரிய வேதனை. சில சமயம் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உடுப்பு

வெளிர் நிற, வழவழப்பான துணி. கருப்பும் கம்பளி மாதிரியான சொரசொரப்பும் தேனீக்களுக்குப் பிடிக்காது. கூட்டைக் கொள்ளையடிக்க வரும் விலங்குகள் பெரும்பாலும் கருத்தவை, ரோமம் அடர்ந்தவை. அந்தப் பகை இன்னும் தீரவில்லை. தேனீ தலைமுடிக்குள்ளும் புருவத்துக்குள்ளும் சிக்கிக்கொண்டால் ஆவேசப்படுவதும் அதனால்தான்.

முகவலை இல்லாமல் பெட்டி திறக்காதீர்கள், எவ்வளவு சாதுவான கூட்டமாக இருந்தாலும் சரி. கையில் விழுந்த கொட்டு நாலு நாள் தொல்லை. கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. வலை முகத்தில் ஒட்டாமல் தள்ளி நிற்க வேண்டும். மூக்கு நுனியில் வலை உரசினால் அதன் வழியாகவே கொட்டும். மூக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது: மைக்கேல் ஸ்மித் என்கிற ஆராய்ச்சி மாணவர் தன் உடம்பில் 25 இடங்களில் தேனீயை வைத்துக் கொட்டச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எவ்வளவு வலி என்று மதிப்பெண் போட்டு 2014 இல் வெளியிட்டார். நாசித் துவாரம் முதலிடம், 9. மேலுதடு இரண்டாவது. மேல்கையும் மண்டையும் நடுக்கால்விரல் நுனியும் கடைசி, 2.3. ஒரே ஆளின் உடம்பில் செய்த சோதனைதான், இருந்தாலும் முகத்தில் கொட்டு வாங்கிய எவரும் அந்தப் பட்டியலோடு சண்டைக்குப் போகமாட்டார்.

கணுக்காலைப் பலரும் மறந்துவிடுவார்கள். தேனீ துணியில் உட்கார்ந்தால் மேல்நோக்கி நடக்கும். கால்சட்டை முனை திறந்திருந்தால் உள்ளே ஏறி, எங்கேயாவது இறுக்கமான இடத்தில் மாட்டிக்கொண்டு கொட்டும். அந்த "எங்கேயாவது" எது என்று விளக்க வேண்டாம். கால்சட்டை முனையைக் காலுறைக்குள் செருகுங்கள், அல்லது ரப்பர் வளையம் போடுங்கள்.

கையுறை பற்றி ஆளுக்கொரு கட்சி. தடித்த தோல் கையுறை கொட்டைத் தடுக்கும், ஆனால் விரலுக்கு உணர்வு போய்விடும். தேனீ நசுங்குவது தெரியாது. நசுங்கினால் அந்த வாழைப்பழ வாசனை வரும், அது தோலில் ஊறிப்போய் அடுத்த வாரமும் மணக்கும். வெறுங்கை நல்லது என்று பழம்பெருமை பேசுகிறவர்களும் உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது இடைப்பட்ட வழி: மருத்துவமனைகளில் போடுகிறார்களே, அந்த மெல்லிய நைட்ரைல் கையுறை. சில கொட்டுகள் அதையும் தாண்டி வரும். ஆனால் விரல் என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும், வேலை முடிந்ததும் வாசனையோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிடலாம்.

வாசனைத் திரவியம், மணமான எண்ணெய், நெடியான சோப்பு எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

பெட்டியைத் திறக்கும்போது

கொட்டு எவ்வளவு என்பதில் பாதி, நீங்கள் பெட்டி பக்கம் போகத் தேர்ந்தெடுத்த நேரத்திலேயே தீர்மானமாகிவிடும். கூட்டைக் காப்பது வயதில் மூத்த தேனீக்கள். பிறந்து சில நாளே ஆன இளசுகளுக்குப் பையில் நஞ்சும் குறைவு, சண்டை போடும் எண்ணமும் குறைவு. வெயில் நன்றாக அடித்து, பூக்கள் நிறைய இருக்கும் நாளின் நடுப்பொழுதில் மூத்தவை எல்லாம் வெளியே தேன் தேடப் போயிருக்கும். பெட்டிக்குள் இருப்பவை பெரும்பாலும் இளசுகள். அதே பெட்டியை மழை வரப்போகும் நேரத்திலோ, காற்று பலமாக அடிக்கும்போதோ, இருட்டிய பிறகோ திறந்தால் மொத்தப் படையும் வீட்டில் இருக்கும். பூ இல்லாத பஞ்சக் காலத்திலும், ராணி இல்லாமல் போன கூட்டத்திலும் எரிச்சல் அதிகம். நேற்றுவரை சாதுவாக இருந்த கூட்டம் திடீரென்று விரட்டினால், உங்கள் மேல் தப்பா என்று பார்ப்பதற்கு முன் ராணி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாயிலுக்கு நேர் எதிரே நிற்காதீர்கள். அது அவற்றின் சாலை. பக்கவாட்டிலோ பின்புறமோ நில்லுங்கள்.

புகை. துருத்தி வைத்த புகைப்பான் 1870களில் மோசஸ் குவின்பி என்ற அமெரிக்கர் உருவாக்கியது. இன்றும் அடிப்படை அதேதான். புகை இரண்டு வேலை செய்கிறது. எச்சரிக்கை வாசனையைத் தேனீக்களின் உணர்கொம்புகள் சரியாகப் பிடிக்கவிடாமல் மழுங்கடிக்கிறது. அப்புறம், தீப்பிடித்துவிட்டது, கூட்டை விட்டுப் போக நேரலாம் என்கிற பதற்றத்தில் தேனீக்கள் தேனை வயிறு முட்டக் குடிக்கப் போய்விடுகின்றன. வாயிலில் இரண்டு மூன்று ஊது, ஒரு நிமிடம் காத்திருப்பு, மூடியைக் கொஞ்சம் தூக்கி உள்ளே ஒரு ஊது. புகை வெள்ளையாக, உள்ளங்கையில் ஊதினால் சுடாததாக இருக்க வேண்டும். சூடான புகை இறகைப் பொசுக்கும். சமாதானம் பேச வந்தவர் அடிதடியில் இறங்கிய கதையாகிவிடும்.

பிறகு, மெதுவாக. உளியால் சட்டத்தை நெம்பும்போது "டக்" என்று அதிராமல் நெம்புங்கள். முதலில் ஓரச் சட்டத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டால் மற்றவற்றை நகர்த்த இடம் கிடைக்கும், தேனீ நசுங்காது. பெட்டிக்குள் குனிந்து மூச்சு விடாதீர்கள்; நம் மூச்சுக்காற்றை ஒரு விலங்கின் வருகையாக அவை எடுத்துக்கொள்ளும்.

தேனீக்கள் சொல்லாமல் கொட்டுவது குறைவு. சட்டங்களின் இடுக்கில் தலைகள் வரிசையாக நின்று உங்களையே பார்க்கத் தொடங்கும். அது முதல் அறிகுறி, ஒரு ஊது புகை கொடுங்கள். ரீங்காரத்தின் சுருதி ஏறும். அடுத்து ஒன்றிரண்டு வந்து முகவலையில் கொட்டாமல் முட்டிவிட்டுப் போகும். வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிற தேனீயின் பின்முனையில் கொடுக்கு நீட்டிக்கொண்டிருப்பதைக்கூட சில சமயம் பார்க்கலாம். இவ்வளவையும் பார்த்துவிட்டு "இன்னும் ரெண்டே சட்டம்தானே" என்று தொடர்ந்தால், அந்தக் கொட்டு நீங்கள் கேட்டு வாங்கியது.

கொட்டிவிட்டது. இப்போது?

முதலில், கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். போடாதீர்கள், வையுங்கள். சட்டத்தைப் பெட்டிக்குள் இறக்கவோ பக்கத்தில் சாய்க்கவோ மூன்று நொடி போதும். அந்த மூன்று நொடி வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதுதான் புதியவர் கற்க வேண்டிய முதல் வித்தை. வெறும் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையாவது திடீரென்று கிள்ளச் சொல்லிப் பழகிய ஒருவரை எனக்குத் தெரியும். சிரிக்கலாம், ஆனால் அவர் இதுவரை ஒரு சட்டத்தையும் கீழே போட்டதில்லை.

இரண்டாவது, கொடுக்கை எடுங்கள். எப்படி என்பதில் நீண்ட காலம் ஒரு தவறான அறிவுரை உலவியது: விரலால் கிள்ளி எடுத்தால் பை பிதுங்கி நஞ்சு இறங்கிவிடும், அதனால் கத்தி முனையாலோ அட்டையாலோ வழித்துத்தான் எடுக்க வேண்டும் என்று. 1996 இல் விஷர் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் இரண்டு வழியிலும் எடுத்துப் பார்த்துத் தடிப்பை அளந்தார்கள். கிள்ளினாலும் வழித்தாலும் வித்தியாசமில்லை. தாமதித்தால்தான் தடிப்பு பெரிதாகிறது. அட்டையைத் தேடும் நேரத்தில் பை காலியாகிவிடும். நகத்தால் சுரண்டுங்கள், உளியின் முனையால் தேயுங்கள், கால்சட்டையில் உரசுங்கள், எது முதலில் கைக்கு வருகிறதோ அது.

மூன்றாவது, கொட்டிய இடத்தில் புகை அடியுங்கள். வாசனை மறையும்.

நான்காவது, முடிவெடுங்கள். ஒரு கொட்டுதான், கூட்டம் அமைதியாக இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது என்றால் வேலையைத் தொடரலாம். ஒரு நிமிடத்தில் மூன்று நான்கு என்று விழத் தொடங்கினால் மூடிவிட்டு வாருங்கள். பாதியில் விட்ட வேலையை இன்னொரு நாள் முடிக்கலாம்.

முகவலைக்குள் தேனீ புகுந்துவிட்டால் என்ன செய்வது? எல்லோரும் செய்யும் தவறு, பெட்டி பக்கத்திலேயே வலையைக் கழற்றுவது. உள்ளே இருப்பது ஒன்று, வெளியே இருப்பவை ஆயிரக்கணக்கில். வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டு அமைதியாக நடந்து தள்ளிப் போங்கள். புதர் மறைவோ மரத்தடியோ இருந்தால் அதற்குள் நுழைந்து போனால் துரத்தும் தேனீக்கள் வழி தவறிவிடும். உள்ளே இருப்பது வலையில் உட்கார்ந்தால் வெளியிலிருந்து விரலால் நசுக்கிவிடலாம். பாவம்தான், ஆனால் கண்ணுக்கு இரண்டு அங்குலத்தில் இருக்கும்போது இரக்கம் பார்க்க முடியாது.

கூட்டம் முழுவதும் கிளம்பித் துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடுங்கள். கதவு மூடக்கூடிய அறையோ வண்டியோ கிடைக்கும்வரை நிற்காதீர்கள். சில தேனீக்கள் கூடவே உள்ளே வரும், பரவாயில்லை. தண்ணீரில் குதிக்காதீர்கள்; மூச்சு விட மேலே வரும் இடத்தில் அவை காத்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள். கை காலாக இருந்தால் சற்று உயர்த்தி வையுங்கள். மேலே எதைத் தடவினாலும், தோலுக்குள் இறங்கிய நஞ்சை அது எட்டாது. தடவும்போது ஓர் ஆறுதல் இருக்கிறது என்றால் தடவிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அரிப்புக்கு செட்டிரிசின் மாதிரி ஒவ்வாமை மாத்திரையும், மருத்துவர் சொன்னால் மெல்லிய ஸ்டீராய்டு களிம்பும் உண்மையிலேயே பலன் தரும்.

வீக்கத்தின் போக்கு தெரிந்திருந்தால் தேவையில்லாமல் பயப்பட மாட்டீர்கள். சாதாரணமாக, வலி ஒன்றிரண்டு மணி நேரத்தில் தணியும். சிவப்பும் சிறு வீக்கமும் ஓரிரு நாள் இருக்கும். சிலருக்கு வீக்கம் 10 சென்டிமீட்டருக்கு மேல் பரவும். விரலில் கொட்டினால் முழங்கை வரை, நெற்றியில் கொட்டினால் மறுநாள் காலை கண் திறக்க முடியாமல். இது இரண்டாவது நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாள்கூட எடுத்து வடியும். பார்க்கப் பயங்கரம். ஆனால் கொட்டிய இடத்தோடு தொடர்ச்சியாகப் பரவுகிற வீக்கம் என்றால் அது உள்ளூர் விளைவுதான், உயிருக்கு ஆபத்தான வகை இல்லை. புதியவர்கள் பலருக்கு முதல் பருவத்தில், நாலாவது ஐந்தாவது கொட்டுக்குப் பிறகு இப்படி வரும்.

இரண்டாம் நாள் சூடும் சிவப்பும் பார்த்துச் சீழ் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது நஞ்சின் வேலைதான். மூன்று நான்கு நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, சீழ் கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். சொறிந்து நகக்காயம் ஆக்குவதுதான் இதற்கு முக்கியக் காரணம்.

எதற்குப் பயப்பட வேண்டும்

ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: கொட்டிய இடத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் ஏதாவது நடக்கிறதா?

கையில் கொட்டியிருக்கிறது, ஆனால் வயிற்றிலும் தொடையிலும் தடிப்பு கிளம்புகிறது. உள்ளங்கையும் உச்சந்தலையும் அரிக்கிறது. உதடு, நாக்கு, தொண்டை தடிக்கிறது, குரல் கரகரக்கிறது. மூச்சு விசில் அடிக்கிறது. வயிற்றைப் புரட்டி வாந்தி வருகிறது. தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது. "ஏதோ சரியில்லை" என்று இனம் தெரியாத ஒரு கலக்கம் வருகிறது. கடைசியில் சொன்ன இதையும் மருத்துவர்கள் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இவை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தொடங்கும், அரை மணி ஒரு மணிக்குள் தெரிந்துவிடும். இதுதான் அனாபிலாக்சிஸ் என்கிற கடும் ஒவ்வாமை. கொட்டு வாங்கிய பிறகு முதல் ஒரு மணி நேரம் தனியாக இருக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

தோலில் மட்டும் தடிப்பு என்றாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு, தொண்டை, தலைசுற்றல் இவற்றில் ஒன்று சேர்ந்தால் ஒரு நொடியும் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசிப் பேனா இருந்தால், தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், கால்சட்டைக்கு மேலேயே அழுத்துங்கள். ஆம்புலன்ஸை அழையுங்கள். மல்லாக்கப் படுத்து, காலை உயர்த்தி வையுங்கள்; மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம். எழுந்து நடக்க வேண்டாம். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும்போது சட்டென்று எழுந்து நிற்பதே உயிரைப் பறித்துவிடக்கூடும். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தேறவில்லை என்றால், இரண்டாவது பேனா இருந்தால் அதையும் போடலாம். தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பி வரலாம். ஒவ்வாமை மாத்திரை அரிப்பைக் குறைக்கும். அட்ரினலினுக்கு அது ஒருக்காலும் மாற்று ஆகாது.

ஒவ்வாமை இல்லாதவர்களும் மூன்று சமயங்களில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால்: வீக்கமே மூச்சுப் பாதையை அடைக்கும், போகும் வழியில் ஐஸ் கட்டியைச் சப்பிக்கொண்டே போங்கள். கண்விழியில் கொட்டினால்: தேய்க்காதீர்கள், கொடுக்கை நீங்களாக எடுக்காதீர்கள். ஒரே நேரத்தில் ஏராளமாகக் கொட்டினால்: ஐம்பதைத் தாண்டியிருந்தால் நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் போங்கள், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைவாக இருந்தாலும் போங்கள். நஞ்சின் மொத்த அளவு தசையைச் சிதைத்து, சிறுநீரகத்தை ஓரிரு நாள் கழித்துப் பாதிக்கலாம்.

பழகிப்போகுமா?

பெரும்பாலானவர்களுக்குப் பழகும். அடிக்கடி கொட்டு வாங்கும் உடம்பு ஐஜிஜி4 என்ற தடுப்புப் புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. அது நஞ்சை முந்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வாமையைக் கிளப்பும் ஐஜிஇ அதன் மேல் பாயவிடாமல் தடுக்கிறது. முதல் பருவத்தில் புறங்கை பணியாரமாக உப்பும்; இரண்டு மூன்று பருவம் போனால் ஒரு சிவப்புப் புள்ளி, பத்து நிமிட எரிச்சல், அவ்வளவுதான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. தேனீ வளர்ப்பவர்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, வருடத்துக்கு இருநூறுக்கு மேல் கொட்டு வாங்குபவர்களுக்குக் கடும் ஒவ்வாமை மிக அரிது. வருடத்துக்கு இருபத்தைந்துக்கும் குறைவாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்குபவர்களுக்குத்தான் அது அதிகம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே கையை நீட்டிக் கொட்டு வாங்கக் கிளம்பாதீர்கள். யாருடைய உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இருபது வருடம் வெறுங்கையோடு வேலை செய்தவருக்கு ஒருநாள் திடீரென்று உடம்பெல்லாம் தடித்து மயங்கி விழுந்த கதைகளும் நிஜம். மாதக்கணக்கில் பெட்டியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பும்போது தடுப்பு குறைந்திருக்கும். பருவத்தின் முதல் கொட்டு வழக்கத்தைவிட அதிகமாக வீங்கும். அந்தச் சமயத்தில் அனுபவசாலிகளும் முழு உடுப்போடு போவது நல்லது.

கடும் ஒவ்வாமை வந்துவிட்டால் தேனீயை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகப் போடும் சிகிச்சை இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வருடம் தொடர வேண்டும், மருத்துவர் கண்காணிப்பில் மட்டும். அதை முடித்துவிட்டுப் பெட்டிக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

கடைசியாகத் துணி. வேலை முடிந்ததும் உடுப்பை வீட்டுக்குள் உதறாதீர்கள். அதில் எச்சரிக்கை வாசனை இருக்கும், உலர்ந்த நஞ்சும் இருக்கும். அந்தத் தூசு தினமும் மூச்சில் போய், ஒருமுறைகூடப் பெட்டியைத் திறக்காத வீட்டு ஆளுக்கு ஒவ்வாமை உண்டாவது நடக்கிற விஷயம். வெளியிலேயே உதறி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். முகவலையைக் கையால் அலசினால் போதும். உதறும் முன் மடிப்புகளைப் பாருங்கள், காலர் ஓரத்தையும் சட்டைப்பையையும் முக்கியமாக. ஒன்று எப்போதும் அங்கே உட்கார்ந்திருக்கும்.